பாதாமா சந்தனமா

கையில என்னது தாயி அது, கலர் கார்டா? வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறீகளா? அய்யய்ய. நான் சொல்லுதத கேளுங்க, அத அப்படியே சுருட்டி ஜன்னல் வழியாத் தூக்கி எறிஞ்சிருங்க. கண்டக்டர் வைதா வையட்டும். அந்தக் கார்டு நுழைஞ்ச வீடு உருப்படாது. பட்டவ சொல்லுதேன்.

நீங்களும் நாகர்கோயில்தானா? அப்பச் சரி, இன்னும் நேரம் இருக்கு. நாங்க கோயில்பட்டி. அந்தா, டிரைவருக்குப் பின்னால வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குதாகள்ல, நீலச் சட்டை, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. பஸ்ஸுல ஏறுன உடனே தூங்கிருவாக. மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவுக. அங்கயும் இப்படித்தான் தூங்கியிருப்பாகன்னு நெனைக்கேன், எவன் கண்டான்.

எம் மகளப் பாக்கப் போறோம். ஒரே மக. செண்பகவள்ளி, வீட்டுல செம்பகம். ஆஸ்பத்திரி லேப்ல வேலை, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுதது. அவ எங்கிட்டப் பேசி ஆறு மாசம் இருக்கும். அவுக அப்பாவுக்கு மட்டும் போன் வரும். "சாப்டீகளாப்பா, மாத்திரை போட்டீகளாப்பா"ன்னு. நான் பக்கத்துலயேதான் நிப்பேன். சுமந்து பெத்தவ நானு, போனு அவுகளுக்கு. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அம்புட்டுக்கும் காரணம் இந்தக் கலர் கார்டுதான்.

எம் மக மாநிறம். கறுப்புன்னு எவளாவது சொன்னா நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன். மாநிறம். அதுவும் அவுக அப்பா வம்சத்து நிறம். அவுக அத்தை, சித்தப்பா, அந்தக் கூட்டமே அப்படித்தான். மத்தபடி முழியும் மூக்கும் அம்புட்டு லெச்சணமா இருப்பா. படிப்பு இருக்கு, வேலை இருக்கு. ஆனா வந்து பாத்துட்டுப் போனவுகள்ல ஒருத்தருக்கும் பதில் சொல்ல வாய் வரல. மொதல்ல தூத்துக்குடிக்காரவுக வந்தாக. கேசரிய வழிச்சுத் தின்னுட்டு, "ஊருக்குப் போயிப் போன் பண்ணுதோம்"னாக. இன்னும் ஊரு போய்ச் சேரல போல. அடுத்து வந்தவுக, ஜாதகத்துல ஏதோ இடிக்குன்னாக. ஏன் தாயி, ஜாதகம் பாத்துட்டுத்தான வந்தாக? வரும்போது இடிக்காதது, கேசரி உள்ள போனப்பெறகு இடிக்குதாக்கும்.

தரகரு ஒருத்தரு இருக்காரு, சுப்பையான்னு. அவருதான் தலையச் சொறிஞ்சுக்கிட்டே, "அம்மா, பொண்ணு கொஞ்சம் நிறம் மட்டு"ன்னு இழுத்தாரு. அவரு நிறத்த நீங்க பாக்கணுமே. தோசைக்கல்லுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. அவரு வந்து எம் மகளுக்கு நிறம் மட்டுங்காரு.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. எங்க வீட்டு ஹாலு பச்சைக் கலரு. கிளிப்பச்சை. வீடு கட்டுனப்போ அவுக அப்பா ஆசப்பட்டு அடிச்சது. கிளிப்பச்சைக்கு முன்னால மாநிறத்த உக்கார வச்சா என்ன ஆகும்? கறுத்துத்தான் தெரியும். வந்தவுக பாத்தது எம் மகளவா? அந்தப் பாழாப்போன செவரத்தான் பாத்தாக! இது அந்த வீட்டுல ஒருத்தருக்காவது தோணுச்சா? நான் ஒருத்திதான் மண்டைய ஒடைச்சுக்கிட்டுக் கிடந்தேன். மத்தவுகளுக்கு என்ன, வேளாவேளைக்குச் சோறு வந்தாச் சரி.

அந்தச் சமயத்துலதான் சங்கரன்கோயில்ல இருந்து ஒரு எடம் வந்துச்சு. பையன் கவர்மென்ட்டு உத்தியோகம். ஒரே பையன். வளர்பிறையில வாறோம்னு சொல்லி அனுப்பிச்சாக. இந்த எடத்த விட்டா வேற எடம் இல்லன்னு எனக்கு மனசுல பட்டுருச்சு. அன்னைக்கே பெயிண்ட் கடைக்குப் போயிட்டேன்.

கடைக்காரன் கார்டை விரிச்சான் பாருங்க, வெள்ளையிலயே அம்புட்டு வச்சிருக்கான். பால் வெள்ளையாம், முத்து வெள்ளையாம், மல்லி வெள்ளையாம். வெள்ளைக்கு எதுக்குடா இத்தன பேரு? எங்க காலத்துல சுண்ணாம்பு ஒண்ணுதான். ஆனா வெள்ளை நமக்கு ஆகாது. வெள்ளைக்கு முன்னால உக்காந்தா மாநிறம் இன்னும் எடுத்துக் காட்டும். மஞ்சள் அடிச்சா மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி ஆயிரும். இப்படி ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளி, கடைசில ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு சந்தனம். ஒண்ணு பாதாம்.

எங்க வீட்டுக்காரவுககிட்டக் காட்டுனா, கண்ணாடிய மேல தூக்கி, கீழ எறக்கி, "ரெண்டும் ஒண்ணுதான?"ங்காக. ரெண்டும் ஒண்ணாம்! மில்லுல நூலு தரம் பிரிச்ச மனுசன் பேசுத பேச்சா இது? சந்தனத்துல ஒரு பொட்டு மஞ்சள் ஓடும். பாதாம்ல ஒரு பொட்டு செவப்பு ஓடும். கண்ணு இருந்தாத் தெரியும். அந்த ஒரு பொட்டுலதான் எம் மக வாழ்க்கையே தொங்குது, இவுக ரெண்டும் ஒண்ணுங்காக.

சரின்னு பெயிண்டர் ஞானதுரையக் கூட்டியாந்தேன். ரெண்டையும் ஹால் செவத்துல தலகாணி அகலத்துக்கு அடிச்சுக் காட்டுடான்னேன். அடிச்சான். அடிச்சுட்டு, "எக்கா, காஞ்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்"ங்கான். ஏண்டா, ஒரே மாதிரி இருந்தா கம்பெனிக்காரன் எதுக்குடா ரெண்டு பேரு வச்சு ரெண்டு டப்பால விக்கான்? அவனுக்குப் பைத்தியமா? பீடியப் பத்த வச்சுக்கிட்டு வாசலுக்குப் போயிட்டான். அவன் தொழிலப் பத்தி அவனுக்கே தெரியல.

செவர மட்டும் பாத்தா எப்படித் தெரியும்? ஆள நிப்பாட்டிப் பாத்தாத்தான தெரியும். செம்பகம் டூட்டி முடிஞ்சு வந்தா. செருப்பக் கழட்டுன காலோட, "இங்க வந்து நில்லுட்டி"ன்னு ரெண்டு பட்டைக்கும் நடுவுல நிப்பாட்டுனேன். மொதல்ல சந்தனத்துப் பக்கம். பெறகு பாதாம் பக்கம். பவுடர் போட்டு ஒரு தடவ, பவுடர் இல்லாம ஒரு தடவ. ஜன்னலத் தொறந்து வச்சு ஒரு தடவ, சாத்தி டியூப்லைட்டப் போட்டு ஒரு தடவ. அரக்குச் சேலைய மேல போத்திப் பாத்தேன், நீலத்தப் போத்திப் பாத்தேன்.

எங்க நாத்தனா கோமு அன்னைக்குன்னு வந்திருந்தா. அவளுக்குத்தான் எல்லாத்துலயும் மூக்க நுழைக்கணுமே. "சந்தனத்துல பிள்ளை சோகையாத் தெரியுதாளே"ன்னா. அத்தோட விட்டாளா? செல்லுல போட்டோ எடுத்து அவ மருமகளுக்கு அனுப்பி, எது நல்லாருக்குன்னு கேட்டா. அந்தச் சிறுக்கி பாதாம்னு பதில் போட்டு, கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டிருக்கா. எதுக்குச் சிரிப்பு? ஞானதுரை வேற உள்ள வந்து, தலையச் சாச்சுப் பாத்து, "பாதாம்ல தங்கச்சி கொஞ்சம் தேவலக்கா"ன்னான். இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? தெருவுல கீரைக்காரி போனா, அவளையும் கூப்பிட்டுக் காட்டுனேன். நாலு பேரு பாத்துச் சொன்னாத்தான ஒரு முடிவுக்கு வர முடியும்? அவ கூடைய எறக்கி வச்சுட்டு நல்லாப் பாத்துட்டு, "எதுல நின்னாலும் அதே பிள்ளைதான இது"ன்னுட்டுப் போயிட்டா. கீரை விக்கவகிட்டக் கேட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.

செம்பகம் ஒரு வார்த்தை பேசலியே. தங்கமான பிள்ளை. சொன்ன எடத்துல சொன்ன மாதிரி நிக்கும். நடுவுல செவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. நான்தான் தாடையப் புடிச்சு இந்தப் பக்கம் திருப்புனேன். கண்ணெல்லாம் செவந்து கலங்கியிருந்துச்சு. புதுப் பெயிண்ட்டு நெடி அப்படித்தான், எனக்கும் எரிஞ்சுச்சு.

கடைசில ஒண்ணே ஒண்ணு கேட்டா. "ஏம்மா, நான் கல்யாணம் ஆயிப் போற வீட்டுலயும் பாதாம் அடிச்சிருப்பாகளா?"ன்னா. கேள்வியப் பாத்தீகளா? வெவரம் பத்தல. நான் சொன்னேன், "போற வீட்டுல என்ன கலரு இருந்தா நமக்கென்னட்டி? தாலி ஏறிட்டாப் பெறகு எவன் பாக்கான்?" சரியாத்தான சொன்னேன்?

பாதாம்னு முடிவாச்சு. ஆனா எனக்கு மனசு ஒரு நிலையில நிக்கல. குளிக்கப் போனா, சந்தனமோன்னு தோணுது. குளிச்சுட்டு வந்து பாத்தா, இல்ல பாதாம்தான்னு தோணுது. ஞானதுரை ரெண்டு தடவ டப்பாவக் கடைக்குக் கொண்டு போயி மாத்திட்டு வந்தான். மூணாவது தடவ கடைக்காரனே, "அந்தம்மாவ நேர்ல வரச் சொல்லு"ன்னுட்டானாம். அவனுக்கு என்ன திமிரு பாருங்க. இப்படியே நாளு ஓடி, அவுக வாறதுக்கு மொத நாளுதான் அடிச்சு முடிச்சான். எங்க வீட்டுக்காரவுக வந்து ஹால் நடுவுல நின்னு சுத்திமுத்திப் பாத்துட்டு, "சந்தனம் நல்லாத்தான் இருக்கு"ன்னாக. அடிச்சது பாதாம். இவுககிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது.

மறுநாள் சங்கரன்கோயில்காரவுக வந்தாக. கார்ல இருந்து எறங்குச்சு பாருங்க பையனோட அம்மா, நல்ல செவப்பு. செவப்புக்குத் தகுந்த மாதிரி ஒரு இழுப்பும் இருந்திருக்கு, அத எவன் கண்டான்? வாசப்படியில கால வச்சது, மூக்கப் பொத்திக்கிட்டு அப்படியே பின்னால போயிருச்சு. "புதுப் பெயிண்ட்டா? எனக்கு ஆகவே ஆகாதும்மா, மூச்சு இழுத்துக்கிரும். இங்கனயே வெளிய உக்காந்துக்கிருதோம்"னு சொல்லிருச்சு.

வெளியன்னா என்ன, மொட்டை வெயிலு. வாசல்ல ஒரு வேப்பமரம் நின்னுச்சு, அதையும் கரண்டுக் கம்பியில ஒரசுதுன்னு வெட்டிப் போட்டுட்டாக. "உள்ள வாங்க, ஃபேன் இருக்கு, ஜன்னலெல்லாம் தொறந்துட்டேன், வாடையே இல்ல"ன்னு கெஞ்சுதேன். இந்த மனுசன் என்ன செஞ்சாக தெரியுமா? உள்ள கிடந்த நாற்காலிய ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போயி வெயில்ல போடுதாக! வேலை செய்யாதன்னாச் செய்வாக. நான் கண்ணக் காட்டுதேன், கையக் காட்டுதேன். "என்ன வேணும், பாயும் வேணுமா?"ன்னு கேக்காக.

பெறகு செம்பகம் காப்பித் தட்டோட வந்தா. பாதாம் செவரெல்லாம் உள்ள அநாதையாக் கிடக்கு, பிள்ளை வெளிய வெயில்ல நிக்கா. வேர்த்து, பவுடரெல்லாம் திட்டுத் திட்டா ஆயி, நெத்தி மின்னுது. அந்தம்மா நிமிந்து பாத்துச்சு. பையன் பாத்தான். எனக்குப் பொறுக்கல தாயி. எந்தத் தாயிக்குப் பொறுக்கும்? நான்தான் சொன்னேன், "வெயில்ல பாக்கப்போயி இப்படித் தெரியுதா, அம்புட்டுத்தான். உள்ள வந்து ஹால்ல வச்சுப் பாருங்க, பிள்ளை இம்புட்டுக் கறுப்பு இல்ல"ன்னு. நல்லதுக்குத்தான சொன்னேன்?

அந்தம்மா காப்பிய வாயில வைக்கப் போனது அப்படியே நிறுத்திருச்சு. "நாங்க ஒண்ணும் சொல்லலியேம்மா"ன்னுச்சு.

நடிப்பு. மனசுல இல்லாமலா அப்படிப் பாத்துச்சு?

செம்பகம் என்ன செஞ்சா தெரியுமா? தட்டக் கொண்டு போயி அவுக அப்பா கையில குடுத்தா. அந்தம்மாவப் பாத்து, நல்ல மரியாதையாத்தான் சொன்னா, "மன்னிச்சுக்கோங்க அத்தை. எங்கம்மா ரொம்பப் பாடுபட்டு அடிச்ச பெயிண்ட்டு, மூச்சு இழுக்கலைன்னா ஒரு நிமிசம் உள்ள போயிப் பாத்துட்டுப் போங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு." அம்புட்டுத்தான். உள்ள போயி, சேலைய மாத்தி, பைய மாட்டிக்கிட்டு, எல்லாரு முன்னாலயும் நடந்து போறா. அன்னைக்கு லீவு போட்டிருந்தா, டூட்டியே கிடையாது. பொய்யி! சபையில வச்சுப் பெத்தவ மானத்த வாங்கிட்டுப் போறா. வேர்த்து வடிய வடிய, வெயில்ல, தலையில முந்தானை கூடப் போடாம.

சங்கரன்கோயில்காரவுக என்ன சொல்லி அனுப்பிச்சாக தெரியுமா? கேட்டாச் சிரிப்பீக. பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்காம். நல்ல நிமிந்த பிள்ளையாம். ஆனா பொண்ணோட அம்மாகூடச் சம்பந்தம் வச்சுக்கிட்டுக் காலந்தள்ள முடியாதாம். பாத்தீகளா தந்திரத்த? நிறம் பிடிக்கலைன்னு நேராச் சொல்ல வாய் வரல, பழிய எம் மேல தூக்கிப் போட்டாக. இத எங்க வீட்டுக்காரவுக நம்புதாக! "அவுக சொல்லுதது நெசம்தான்"னு எம் மூஞ்சிக்கு நேரா சொல்லுதாக. அந்தக் கூட்டம் பூராம் இப்படித்தான், வெளியாளு சொன்னா வேதம்.

அதுக்கப்பெறகு வீடு வீடா இல்ல. நாகர்கோயில் ஆஸ்பத்திரில எடம் இருக்குன்னு எழுதிப் போட்டுப் போயிட்டா. தனியா வீடு எடுத்து இருக்கா. எங்கிட்டச் சொல்லிக்கிடல. அவுக அப்பாகிட்ட மட்டும் சொன்னாளாம், "அந்தச் செவத்துக்கு முன்னால இனிமே என்னால உக்காரவே முடியாதுப்பா"ன்னு.

ஏன் தாயி, செவரு பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? நான் சந்தனம் அடிச்சிருப்பேன்ல!

இத யாருகிட்டச் சொல்ல? கோமுகிட்டச் சொன்னா, "நீங்க இன்னுமா மதினி அந்தப் பெயிண்ட்டையே பேசுதீக"ங்கா. செம்பகம் இருந்த ரூமுல அவ சேலை ரெண்டு தொங்குது. மடிச்சு வைக்கக்கூட எனக்குக் கை வரல. சமைச்சா ருசி இல்ல. யாருக்குச் சமைக்க? இவுக உப்பு இருக்கா இல்லியான்னு கூடத் தெரியாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போற ஆளு.

இப்ப எதுக்குப் போறோம்னு கேக்கீகளா? போன வாரம் போன் வந்துச்சு. அவுகளுக்குத்தான். அவளே ஒரு பையனப் பாத்திருக்காளாம். அதே ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கவனாம். நல்லாப் போச்சு. பொழுதன்னைக்கும் எலும்பப் பாத்துக்கிட்டு இருக்கவனுக்கு நிறம் எங்க தெரியப் போகுது! ஆளு எப்படி, வீடு எப்படி, ஒண்ணும் கேக்கல இவுக. "சரிம்மா, சந்தோசம்மா"ன்னு போன வச்சுட்டாக. அந்தப் பையனோட அப்பா அம்மா இன்னைக்கு இவ வீட்டுக்கு வாறாகளாம். பேசி முடிக்க. "அம்மாவையும் கூட்டிட்டு வாங்கப்பா. ஆனா அம்மா எதுவும் பேசக் கூடாது"ன்னாளாம். பெத்த தாயிக்கு வாய்ப்பூட்டு! வேற எவளா இருந்தாலும் போக மாட்டேன்னு உக்காந்திருப்பா.

நானும் அப்படித்தான் உக்காந்தேன். உக்காந்து பாத்தேன். முடியல. என்ன இருந்தாலும் அவ வாயால "அம்மாவையும்"னு சொல்லியிருக்கா. ஆறு மாசங்கழிச்சு. போகலைன்னா அடுத்த தடவ அதையும் சொல்ல மாட்டா. இன்னைக்கு மட்டும் ஏதாவது கோணல்மாணல் ஆச்சுன்னா, செத்தாக்கூட எம் மூஞ்சியில முழிக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். பேசக் கூடாதுன்னா பேசல. ஊமை மாதிரி உக்காந்துட்டு வாறேன்.

வள்ளியூர் தாண்டிருச்சா? அடடா, அதுக்குள்ளயா?

தாயி, ஒண்ணு கேக்கேன். அந்தப் பையனோட அம்மா பால் மாதிரி நிறமாம். செம்பகம் அனுப்புன போட்டோவப் பாத்துட்டு இவுகதான் சொன்னாக. சம்பந்திகன்னு ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைப்பாகள்ல? போட்டோ எடுப்பாக. செம்பகம் எம் மகதான, மூஞ்சி, முகரை, நிறம் எல்லாம் நான்தான். ஊரே சொல்லும், நான்தான் ஒத்துக்கிடுததில்ல. என்னையப் பாத்துட்டு, நாளைக்குப் பெறக்கப் போற பேரப்பிள்ளைகளும் இப்படித்தான் இருக்கும்னு அவுக நெனச்சு, மனசு மாறிட்டாகன்னா? எனக்கு அந்தப் பயம்தான் தாயி. அதனால அடுப்படிக்குள்ளயே நின்னுக்கிரலாமான்னு பாக்கேன். கூப்பிட்டாக்கூட, வேலை இருக்குன்னு சொல்லிரலாம்.

இந்தச் சேலைய எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையில அந்தப் பொண்ணு இதுதான் எனக்கு எடுப்பா இருக்குன்னா. விக்கவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க எனக்கு ஒட்டா ஒறவா, உள்ளதச் சொல்லலாம். இந்தா, வெளிச்சத்துப் பக்கம் திரும்புதேன், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இந்தச் சேலையில நான் ரொம்பக் கறுப்பாவா தெரியுதேன்?

என்ன தாயி இப்படிப் பாக்கீக? ஒரு பதில் சொல்லுததுக்கு இம்புட்டு நேரமா?